வேலிக்கு இந்தப் பக்கம்

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 38ஜே என்றொரு பிரிவு இருக்கிறது. உயிரியல் பூங்காவில் எந்த விலங்கையும் சீண்டக் கூடாது, காயப்படுத்தக் கூடாது, தீனி போடக் கூடாது, சத்தம் போட்டோ வேறு வகையிலோ தொந்தரவு செய்யக் கூடாது, குப்பை போடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இந்தச் சங்கதியைச் சுருக்கியோ விரித்தோ எழுதிய பலகை இல்லாத பூங்காவே நாட்டில் இருக்காது. அந்தப் பலகைக்கு நேர் கீழே நின்றுதான் கடலைப் பொட்டலம் பிரிபடுகிறது.

நம் சனங்களுக்கு ஒழுக்கம் கிடையாது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அதே குடும்பம் சென்னை மெட்ரோவில் ஏறினால் மிட்டாய்க் காகிதத்தைக்கூட மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்கிறது. ஆள் மாறவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. அதனால் பூங்காவில் நடக்கும் அத்துமீறல்களில் பெரும்பங்கு வாசலிலும், வேலியின் வடிவத்திலும், பலகையின் வாசகத்திலும், பணியாளர் நிற்கும் இடத்திலும் முன்கூட்டியே தீர்மானமாகிவிடுகிறது என்பதுதான் என் கட்சி. இனி விவரம்.

வாசலில் இருந்து தொடங்குவோம். வண்டலூர் மாதிரி பெரிய பூங்காவைக் காணும் பொங்கல் அன்று நினைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் கவுன்ட்டர்கள் எட்டு. நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒன்றுக்கு அரை நிமிடம் என்றால், ஒரு கவுன்ட்டரில் நிமிடத்துக்கு எட்டுப் பேர், எட்டுக் கவுன்ட்டரிலும் சேர்த்து 64 பேர். நல்ல வேகம்தான். அடுத்து பை சோதனை. ஒரு பைக்கு இருபது நொடி, ஒரு குடும்பத்துக்கு இரண்டு பை என்றால் நாற்பது நொடி. ஒரு மேசையில் நிமிடத்துக்கு ஆறு பேர்தான் தேறுவார்கள். எட்டுக் கவுன்ட்டர் அனுப்பும் கூட்டத்தைத் தாங்கப் பதினோரு மேசை வேண்டும். பல இடங்களில் இருப்பது மூன்றோ நான்கோ. விளைவு என்னவென்றால், பதினோரு மணிக்கு வரிசை சாலைக்கு வந்ததும் யாராவது ஒரு அதிகாரி “சும்மா விடுப்பா” என்பார். அந்த நிமிடத்தோடு பிளாஸ்டிக் தடையும் தின்பண்டத் தடையும் அன்றைக்கு முடிந்தன. ஆன்லைன் டிக்கெட் வந்தபின் இது இன்னும் மோசம். கவுன்ட்டர் வரிசை குறைந்தது, அந்தக் கூட்டம் நேராகச் சோதனை மேசைக்கு வந்து சேர்ந்தது. மேசையைக் கூட்டாமல் கவுன்ட்டரை மட்டும் கூட்டுவது வீண் செலவு.

மேசையில் என்ன கேட்கிறோம் என்பதும் முக்கியம். “பிளாஸ்டிக் இருக்கா?” என்றால் எல்லோரும் இல்லை என்பார்கள். “தண்ணி பாட்டில் எத்தனை?” என்று கேட்டால் எண்ணிக்கை வரும். இந்தியாவில் சில பூங்காக்கள் கையாளும் ஒட்டு முறை நன்றாகவே வேலை செய்கிறது. பாட்டில் ஒவ்வொன்றுக்கும் பத்து ரூபாயோ இருபது ரூபாயோ முன்பணம் வாங்கி ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவது, திரும்பும்போது ஸ்டிக்கரோடு பாட்டிலைக் காட்டினால் பணம் வாபஸ். இதில் சறுக்கும் இடம் இரண்டு. நுழைவாயிலில் வாங்கிய பணத்தை வேறு வாயிலில் திருப்பித் தருவதாக வைத்தால் பாதிப் பேருக்கு அது தெரியாது. மாலையில் சில்லறை தீர்ந்துபோனாலோ சண்டைதான்.

கட்டுச்சோற்றைத் தடுக்கலாமா? தடுக்கக் கூடாது. காணும் பொங்கலுக்குப் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் இல்லாமல் யாரும் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டார்கள், உள்ளே உணவகமும் அத்தனை பேருக்குப் போதாது. செய்ய வேண்டியது, சாப்பாட்டு மைதானத்தை முதல் விலங்கு வருவதற்கு முன்பாகவே வைப்பது. பசியோடு உள்ளே போகிறவர் குரங்குக் கூண்டின் முன்னால் உட்கார்ந்து சிப்ஸ் பிரிப்பார். சாப்பிட்டுவிட்டுப் போகிறவர் பிரிக்க மாட்டார். மிச்சம் இருக்கும் நொறுக்குத்தீனியைத் துணிப்பையில் போட்டு வாயைக் கட்டி, ஒரு காகிதப் பட்டை ஒட்டிக் கொடுத்தால் போதும். கட்டைப் பிரிக்க யாரும் உங்களைத் தடுக்கவில்லைதான், ஆனால் ஒட்டிய பட்டையைக் கிழிப்பதற்குக் கை கொஞ்சம் தயங்கும்.

சரி, ஒரு பிஸ்கட்டால் என்ன ஆகிவிடும்? இந்தக் கேள்விக்குப் பூங்கா ஊழியர்களிலேயே பாதிப் பேருக்குச் சரியான பதில் தெரியாது. அதனால்தான் அவர்களாலும் உறுதியாகத் தடுக்க முடிவதில்லை. புள்ளிமான் அசைபோடும் பிராணி. அதன் முதல் இரைப்பையில் நார்ச்சத்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் கூட்டமாக வாழ்கின்றன. உண்மையில் மான் தின்பது தனக்காக மட்டும் அல்ல, அவற்றுக்காகவும்தான். பிஸ்கட், ரொட்டி, சோறு போன்ற மாவுப்பொருள் உள்ளே போனால் மளமளவென்று புளிக்கிறது, லாக்டிக் அமிலம் கூடுகிறது, நார் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அந்தப் புளிப்பில் செத்துப்போகின்றன. மான் மேய்ச்சலை நிறுத்துகிறது, கழிச்சல் காண்கிறது, தீவிரமானால் குளம்பு வீங்கி நொண்டுகிறது, உயிரும் போகலாம். ஒரு பிஸ்கட் அல்ல காரணம். வேலியோரம் நிற்கும் அதே இரண்டு மூன்று துணிச்சலான மான்களுக்கு ஒரே நாளில் இருநூறு பேர் ஆளுக்கொன்று போடுவதுதான் காரணம். போடுகிறவர் பார்ப்பது தன் கையிலிருக்கும் ஒன்றை மட்டும். பிஸ்கட்டோடு சேர்த்து விழுங்கிய பிளாஸ்டிக் உறையோ வெளியே வராது. இரைப்பையிலேயே பந்தாகத் திரண்டு கிடக்கும். வயிறு நிறைந்தது போலவே இருப்பதால் தீனி எடுக்காமல் மெலியும்.

குரங்குக்கு வேறு கணக்கு. இனிப்பும் உப்பும் பல்லைக் கெடுக்கும், உடலைப் பெருக்கும், நீரிழிவில் கொண்டுபோய் விடும். அதைவிடப் பெரிய கேடு கூட்டத்துக்குள் நடக்கிறது. வெளியிலிருந்து விழும் ஒவ்வொரு வாழைப்பழத்துக்கும் தலைமை ஆணும் மற்றவையும் மோதும். காது கிழிவதும் விரல் போவதும் அப்படித்தான். குட்டி வைத்திருக்கும் தாய் கூட்டத்தோடு ஒட்டாமல் ஒதுங்கியே இருக்கும். போதாததற்கு, பல பூங்காக்களில் கூண்டுக்கு வெளியே மரத்தில் காட்டுக் குரங்குகளும் உண்டு. கூண்டில் இருப்பதற்குப் போட்டால் வெளியே இருப்பது கற்றுக்கொள்கிறது. அடுத்த வாரம் அது குழந்தையின் கையில் இருக்கும் ஐஸ்கிரீமைப் பறிக்கும்.

நோயும் தீனி வழியே, மூச்சு வழியே போகும். மனிதர்களின் உதட்டுக் கொப்புளத்துக்குக் காரணமான ஹெர்பிஸ் கிருமி மார்மோசெட் என்னும் சிறு குரங்கைக் கொன்றுவிடும். காசநோய் மனிதரிடமிருந்து யானைக்குப் போயிருக்கிறது. 2021 ஜூனில் வண்டலூரில் சிங்கங்களுக்குக் கோவிட் தொற்றி, நீலா என்ற பெண் சிங்கமும் அடுத்து ஓர் ஆண் சிங்கமும் இறந்தன. அப்போது பார்வையாளர்களுக்குக் கதவு மூடித்தான் இருந்தது. மனிதருக்கும் விலங்குக்கும் நடுவே தூரம் வேண்டும் என்பதில் ஊழியரும் அடக்கம்.

காசு எறிகிற பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். தண்ணீரைக் கண்டால் காசு போடுவது நமக்கு மட்டும் உள்ள வழக்கம் அல்ல. 2017-இல் தாய்லாந்தில் ஒரு பச்சை ஆமையின் வயிற்றிலிருந்து 915 நாணயங்களை அறுவைசிகிச்சை செய்து எடுத்தார்கள். எடை ஏறக்குறைய ஐந்து கிலோ. சில நாட்களில் அது இறந்துபோனது. நீர்யானை, முதலை, ஆமைத் தொட்டிகளின் பக்கத்தில் பூங்காவே ஓர் உண்டியல் வைத்தால், எறியத் துடிக்கும் கைக்கு ஒரு வழி கிடைக்கும். வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் தடைப் பலகையைவிட மலிவான தீர்வு.

முதலைக்கு விழுவது காசைவிடக் கல்தான் அதிகம். “உயிரோடதான் இருக்கா?” என்று சோதிப்பதற்கு. வாயைப் பிளந்தபடி சிலைபோலக் கிடப்பதைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் வருவது நியாயமே. முதலைக்கு வியர்க்காது. வாயைத் திறந்து வைத்து உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. இந்த ஒரு வரியைத் தடுப்புச் சுவரில், கை ஊன்றும் இடத்தில், “பொம்மை இல்லை. வெயிலில் வாய் திறந்து சூடு தணிக்கிறது. மூக்கைப் பாருங்கள், மூச்சு தெரியும்” என்று எழுதி வையுங்கள். கல்லை எடுக்க இருந்தவர் மூக்கை உற்றுப் பார்ப்பார். செய்யாதே என்பதற்குப் பதிலாக வேறொன்றைச் செய்யச் சொல்வது.

பலகை எழுதுவது தனிக் கலை. நம் ஊரில் அதை டெண்டரோடு முடித்துவிடுகிறார்கள். முதலில் வாசகம். “நிறையப் பேர் இங்கே தீனி போடுகிறார்கள், தயவுசெய்து நீங்களாவது போடாதீர்கள்” என்பது நல்லெண்ணத்தில் எழுதப்படும் மோசமான வாசகம். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்துப் பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவில், கல்லாகிப்போன மரத்துண்டுகளைப் பார்வையாளர்கள் எடுத்துப்போவதைத் தடுக்க இரண்டு விதப் பலகை வைத்துச் சோதித்தார்கள். முன்பு வந்த பலரும் எடுத்துப்போனதால் காடு அழிகிறது என்று எழுதிய இடத்தில் அடையாளமிட்ட துண்டுகளில் சுமார் 8 சதவீதம் காணாமல் போனது. எடுக்காதீர்கள் என்று மட்டும் எழுதிய இடத்தில் 2 சதவீதத்துக்கும் கீழே. எல்லோரும் செய்கிறார்கள் என்று பலகையே சாட்சி சொன்னால் நாமும் செய்தால் என்ன என்றுதான் தோன்றும்.

அடுத்து எழுத்து. ஆங்கிலப் பலகையின் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு தமிழை அதே அளவில் அடைத்தால் படிக்க முடியாது. தமிழ் எழுத்துக்கு மேலே வளைவும் புள்ளியும், கீழே சுழியும் இருக்கின்றன. வரிகள் நெருங்கினால் மேல்வரியின் ‘ரு’வும் கீழ்வரியின் ‘கி’யும் ஒன்றையொன்று இடிக்கும். ழகரமும் ளகரமும், ணகரமும் னகரமும் இரண்டு மீட்டர் தூரத்தில் குழம்பாமல் தெரிய விளக்க வரிகளின் எழுத்து ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, தலைப்பு நான்கு சென்டிமீட்டர், வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூடுதல் இடைவெளி. ஒரு பலகைக்கு முப்பது முப்பத்தைந்து சொல் போதும். தமிழ்ச்சொல் நீளமானது, அதற்கு மேல் நின்று படிக்க யாருக்கும் பொறுமை கிடையாது. பளபளக்கும் லேமினேட் பூச்சு வேண்டாம், மதிய வெயிலில் கண்ணாடிபோல மின்னும். பலகை செங்குத்தாக நிற்பதைவிடத் தடுப்புக் கம்பியின் மேல் சாய்வாகப் படுத்திருந்தால் குழந்தையும் படிக்கும். ஆனால் விலங்கைப் பார்க்கும் நல்ல இடத்தை மறைக்கக் கூடாது.

பெயரிலும் கவனம் வேண்டும். சிறுத்தை (லெப்பர்டு) வேறு, சிவிங்கிப்புலி (சீட்டா) வேறு என்பதே பல பலகைகளில் குழம்பிக் கிடக்கிறது. ‘ஸ்லாத் பியர்’ என்று ஒலிபெயர்ப்பதற்குப் பதில் கரடி என்றே எழுதலாம், நம் காட்டில் இருக்கும் கரடி அதுதான். தேவாங்கு, அலங்கு, மரநாய், புனுகுப்பூனை, கழுதைப்புலி என்று பாட்டிமாருக்குத் தெரிந்த பெயர் இருக்கும்போது அதைத்தான் பெரிதாகப் போட வேண்டும். பாட்டி பேரனுக்குச் சொல்லத் தொடங்கினால் அங்கேயே பாதிப் பாடம் நடந்துவிடும்.

கூட்டம் மிகுதியாக நிற்கும் வெள்ளைப்புலியின் முன்னால்தான் தவறான செய்தி அதிகம் பரிமாறப்படுகிறது. “பனிப்பிரதேசத்துப் புலி” என்று ஒரு அப்பா சொல்வார், சுற்றி நிற்கும் பத்துக் குழந்தைகளும் நம்பும். அது தனி இனம் இல்லை, நம் வங்கப்புலியே. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் ஒரு மரபணு சேர்ந்து வந்தால் நிறம் வெளிறும். 1951-இல் ரேவா மன்னர் பிடித்த மோகன் என்ற குட்டியின் வழிவந்தவைதாம் உலகக் காட்சியகங்களில் இருக்கும் வெள்ளைப்புலிகளில் மிகப்பெரும்பாலானவை. நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்த்ததால் மாறுகண் முதலான குறைகள் அவற்றில் சகஜம். இதைச் சொன்னால் பார்க்க வருகிறவர் முகம் சுருங்கும் என்று நிர்வாகங்கள் பயப்படுகின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உண்மையைச் சொல்லும் பலகையின் முன்னால்தான் ஆட்கள் நின்று பேசிக்கொள்வார்கள்.

சனங்கள் வெறுந்தலையோடு வருவதில்லை, ஏற்கெனவே ஒரு கதையோடுதான் வருகிறார்கள் என்பதற்குப் பாம்புப் பகுதியைவிட நல்ல சான்று கிடையாது. பாம்பு பால் குடிக்கும், அடித்தால் பழிவாங்கும், மகுடிக்கு மயங்கும், நல்லபாம்பும் சாரையும் பிணையும். விளக்கம் சொல்கிறவர் “இதெல்லாம் மூடநம்பிக்கை” என்று ஆரம்பித்தால் கூட்டம் அப்போதே காதை மூடிக்கொள்ளும். “பிணைஞ்சு நிக்கிறதை யாரெல்லாம் பாத்திருக்கீங்க?” என்று கேட்டுத் தொடங்க வேண்டும். கிராமத்துக்காரர் நாலு பேர் கை தூக்குவார்கள், பார்த்ததும் உண்மைதான். பெரும்பாலும் அவர்கள் பார்த்தது இரண்டு ஆண் சாரைகள் முறுக்கிக்கொண்டு போடும் மல்யுத்தம். சாரைக்கும் நல்லபாம்புக்கும் இனமே வேறு. மகுடிக்காரர் குழலை ஆட்டுவதை நிறுத்தினால் பாம்பும் ஆடாது, அது பின்தொடர்வது அசைவை. இப்படிச் சொன்னால் கேட்டவர் தோற்றதாக உணர மாட்டார், ஊருக்குப் போய் மற்றவர்களுக்கும் சொல்வார்.

இனி வேலி. பழைய மெட்ராஸ் மிருகக்காட்சிசாலை 1855-இல் தொடங்கியது, மூர் மார்க்கெட் பக்கம் கம்பிக் கூண்டுகளோடு இருந்தது. 1985-இல் வண்டலூரில் திறக்கப்பட்டபோது அகழி சூழ்ந்த திறந்தவெளி இருப்பிடங்கள் வந்தன. அகழி முறை ஜெர்மானிய விலங்கு வியாபாரி கார்ல் ஹாகன்பெக் 1907-இல் ஹாம்பர்க் அருகே ஸ்டெல்லிங்கனில் திறந்த காட்சியகத்தால் உலகம் முழுக்கப் பரவியது. (இலங்கையின் தெஹிவளைக் காட்சிசாலையைத் தொடங்கிய ஜான் ஹாகன்பெக் அவருக்கு மாற்றாந்தாய் வழிச் சகோதரர்.) கம்பியில்லாமல் விலங்கைக் காட்டுவது அழகு. ஆனால் தடுப்பு கண்ணில் படாதபோது ஆபத்தும் கண்ணில் படுவதில்லை. சுவர் இடுப்பளவுதானே என்று குழந்தையைத் தூக்கி அதன்மேல் உட்கார வைக்கிறார்கள்.

ஏன் உட்கார வைக்கிறார்கள்? குழந்தைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். மூன்று நான்கு வயதுப் பிள்ளையின் கண்மட்டம் ஏறத்தாழ 85–90 சென்டிமீட்டர். 120 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒளிபுகாத சுவர் கட்டினால் பெற்றோர் தூக்கித்தான் ஆக வேண்டும். “குழந்தைகளைச் சுவரில் அமர்த்தாதீர்” என்று அதே சுவரில் எழுதுவது கேலிக்கூத்து. சுவரின் நடுப்பகுதியைத் தடித்த அடுக்குக் கண்ணாடியாகவோ நெருக்கமான வலையாகவோ மாற்றினால் தூக்கும் வேலையே இல்லை. மேல்விளிம்பு தட்டையாக இருக்கக் கூடாது, வெளிப்பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும். கைப்பையைக்கூட வைக்க முடியாத விளிம்பில் பிள்ளையை யாரும் வைக்க மாட்டார்கள். கம்பி என்றால் நெடுக்காகத்தான். குறுக்குக் கம்பி குழந்தைக்கு ஏணி. இரண்டு கம்பிக்கு நடுவே பத்து சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, அதற்கு மேல் போனால் தலை நுழையும்.

கூண்டு என்றால் அதற்கு வெளியே இன்னொரு தடுப்புக் கம்பி வேண்டும் என்பது மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் விதிமுறையிலேயே இருக்கிறது. எவ்வளவு தூரம்? மனிதர் எட்டி நீட்டும் கையையும் விலங்கு வெளியே நீட்டும் கையையும் கூட்டி, அதற்கு மேல் ஓரடி. குரங்குக்கு ஒன்றரை மீட்டர் போதுமானதாக இருக்கலாம், கரடிக்கும் மனிதக்குரங்குக்கும் போதாது. இந்த இடைவெளியில் புல்தரை போட்டால் நடைபாதை ஆகிவிடும். முள்செடியோ அடர்ந்த இட்லிப்பூப் புதரோ வைத்தால் யாரும் தாண்ட மாட்டார்கள். தோட்டக்காரர் அழகுக்காக அதை முழங்காலுக்குக் கீழே வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அது அடிக்கடி நடக்கிற விபரீதம்.

2016 மே 28 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டி காட்சியகத்தில் மூன்று வயதுச் சிறுவன் தடுப்பைக் கடந்து கொரில்லா அகழிக்குள் விழுந்தான். ஹராம்பே என்ற 17 வயது ஆண் கொரில்லாவைச் சுட்டார்கள். மயக்க ஊசி ஏன் போடவில்லை என்று உலகமே கேட்டது. சினிமாவில் காட்டுவதுபோல ஊசி பட்டதும் விலங்கு சாயாது. அடங்கச் சில நிமிடங்களாகும், மிரண்டிருந்தால் இன்னும் நேரமெடுக்கும், அதுவரை வலியில் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. பிறகு அங்கே தடுப்பை 42 அங்குலமாக உயர்த்தி, மேலும் கீழும் கட்டையும் நடுவில் கயிற்று வலையும் அடித்தார்கள்.

2014 செப்டம்பர் 23 அன்று டெல்லியில் நடந்தது வேறு பாடம். இளைஞர் ஒருவர் வெள்ளைப்புலியின் அகழிக்குள் விழுந்தார். விஜய் என்ற அந்தப் புலி உடனே கொல்லவில்லை, எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மேலே நின்ற கூட்டம் காப்பாற்றும் எண்ணத்தில் கத்தியது, கல் எறிந்தது. புலி அவரைக் கழுத்தில் கவ்வியது. அந்தக் கூட்டத்தைக் குறை சொல்லி என்ன பயன்? அவர்களைப் பின்னுக்குத் தள்ள அங்கே ஆளில்லை. அப்படியொரு சூழலில் முதல் வேலை விலங்கிடம் அல்ல, கூட்டத்திடம். ஒரு காவலர் வாக்கி டாக்கியில் இடத்தையும் விலங்கையும் மட்டும் சொல்கிறார். மற்றவர் இரு கையையும் விரித்துக்கொண்டு கூட்டத்துக்கு முதுகைக் காட்டாமல் முப்பது மீட்டர் பின்னால் நடத்துகிறார், “பின்னாடி போங்க, சத்தம் வேண்டாம், சத்தம் போட்டா உள்ள இருக்கிறவருக்கு ஆபத்து” என்று காரணத்தோடு. விழுந்தவரிடம் ஒரே ஒருவர் பேச வேண்டும்: ஓடாதே, சுவரோரம் இரு, புலிக்கு முதுகைக் காட்டாதே. பராமரிப்பாளர் இரவுக் கூண்டின் கதவைத் திறந்து, தினமும் தீனிக்கு அழைக்கும் அதே குரலில், அதே வாளிச் சத்தத்தில் அழைக்கிறார். தினமும் அந்த ஓசைக்குப் பழகிய விலங்கு உள்ளே போக வாய்ப்பு அதிகம். தண்ணீர்க் குழாய், ஏணி, மயக்கத் துப்பாக்கி எல்லாம் அதன்பின். அகழிக்குரிய ஏணி ஸ்டோர் ரூமில் இருந்தால் பயனில்லை. ஒவ்வொரு அகழிக்கும் பக்கத்தில், ஊழியர் மட்டும் எடுக்கும்படி பூட்டிய நிலையில் தொங்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை ஒத்திகை, அதுவும் உண்மையான கூட்டம் இருக்கும் ஞாயிறு ஒன்றின் ஊழியர் எண்ணிக்கையோடு. பூங்கா மூடியிருக்கும் வார விடுமுறை நாளில் ஊழியர் எல்லோரும் இருக்கும்போது செய்யும் ஒத்திகையில் எதுவும் தெரியாது.

தெரிந்தே தாண்டுகிறவர்களும் உண்டு. 2024 பிப்ரவரியில் திருப்பதி உயிரியல் பூங்காவில் சிங்கத்தின் இருப்பிடத்துக்குள் ஏறிக் குதித்தவர் உயிரிழந்தார், செல்ஃபிக்காக என்று செய்தி வந்தது. வேலி எவ்வளவு உயர்ந்தாலும் ஏறத் துணிந்தவரை நிறுத்துவது பக்கத்தில் நிற்கும் ஆள்தான். செல்ஃபிக்குப் பூங்காவே நல்ல இடம் காட்டிவிடுவது பாதித் தீர்வு. பின்னணியில் விலங்கு தெரியும்படி, தரையில் இரண்டு பாதம் வரைந்த மேடை. இன்னொன்று, ஊழியரோ பிரமுகரோ குட்டியைக் கையில் வைத்திருக்கும் படத்தைப் பூங்காவின் சமூக ஊடகப் பக்கத்தில் போடவே கூடாது. மனிதரோடு ஒட்டி நிற்கும் குரங்கின் படத்தைப் பார்த்தவர்களுக்கு அதை வீட்டில் வளர்க்கலாம் என்ற எண்ணம் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தொடாதே என்று பலகை வைத்துவிட்டு நாமே தொட்டுக் காட்டினால் எப்படி?

ஆள் என்றதும் விசில் ஞாபகம் வருகிறது. விசில் எனக்குப் பிடிக்காது. விலங்குக்கு அது இன்னொரு சத்தம், பார்வையாளருக்கு அவமானம். மூன்று மீட்டர் பக்கத்தில் போய், “அண்ணே, அந்தப் பாக்கெட்டைப் பைக்குள்ள வையுங்க, கம்பி வழியா கையைப் பிடிச்சு இழுத்துடும்” என்றால் போதும். குடும்பத்தோடு வந்தவரை மனைவி மக்கள் முன்னால் அதட்டக் கூடாது. வீம்புக்காகவே இன்னொரு முறை செய்வார். பிள்ளையிடம் பேசுங்கள்: “தம்பி, மான் என்ன சாப்பிடும் தெரியுமா?” அப்பா தானாகவே கையை இறக்குவார்.

எட்டிப்பார்த்தும் விலங்கு தெரியவில்லை என்றால் கோபம் வருகிறது, கோபத்தில் கத்துகிறார்கள். நாளில் பெரும்பகுதி சிங்கம் தூங்கித்தான் கழிக்கும், சிறுத்தையும் கழுதைப்புலியும் இரவாடிகள். கூட்டம் வருவது பதினொன்றிலிருந்து மூன்று வரை, சரியாக அவை ஒதுங்கும் நேரம். விலங்குக்கு மறைவிடம் கட்டாயம் வேண்டும், நாலு பக்கமும் நின்று பார்க்கும் இருப்பிடத்தில் அதற்கு ஓய்வே கிடையாது. ஆகவே பார்வையிடும் பக்கத்தை ஒன்றாகவோ இரண்டாகவோ சுருக்கிவிட்டு, “தெரியவில்லையா? இடதுபுற மூங்கில் புதருக்குக் கீழே தேடுங்கள்” என்று எழுதினால் தேடுவதே விளையாட்டாகிவிடும். வாசலிலேயே “புலி, சிங்கம் முதலில், பறவைகள், மான்கள் பிறகு” என்று காலை ஒன்பது மணிக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிவிடலாம்.

பராமரிப்பாளர் பேசும் நிகழ்ச்சிக்கு எட்டு நிமிடம் போதும். அவருக்கு விலங்கு தெரியும், மேடை தெரியாது. மைக்கைக் கொடுத்துத் தனியே விட்டால் இறுகிவிடுவார். கல்வி அலுவலர் கேட்க அவர் பதில் சொல்வதாக அமைத்தால் பேச்சு தானாக ஓடும். ஒலிபெருக்கி விலங்குக்கு முதுகைக் காட்டியபடி கூட்டத்தை நோக்கி, இடுப்பு உயரத்தில். அன்றைய தீனியை வாளியோடு காட்டுங்கள், எடை சொல்லுங்கள், புலிக்கு வாரத்தில் ஒருநாள் இறைச்சி இல்லை, பெரும்பாலும் அது பூங்காவின் வார விடுமுறை நாள் என்பதைச் சொல்லுங்கள். “பாவம், பட்டினி போடறாங்களே” என்று ஒரு குரல் வரும், காட்டில் தினமும் வேட்டை கிடைப்பதில்லை என்று சொல்ல அதுவே வாய்ப்பு. கையால் ஊட்டிக் காட்டுவது மட்டும் வேண்டாம். எட்டாவது நிமிடம் முடிந்ததும் பார்த்தவர் அதையே செய்வார்.

பள்ளிக் கூட்டங்கள் எல்லாம் பத்தரைக்கு வந்து, பன்னிரண்டரைக்கு ஒரே இடத்தில் டிபன் பாக்ஸ் திறக்கும். வரும் பேருந்துகளுக்கு முன்பதிவில் மூன்று வெவ்வேறு சுற்றுப்பாதை கொடுத்தால் பாதி இரைச்சல் குறையும். தொடக்கப்பள்ளி என்றால் பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர். நாற்பது விலங்கை ஓடி ஓடிப் பார்ப்பதைவிட நான்கை நின்று பார்க்க வைக்க வேண்டும். ஒரு தாளில் ஐந்து கட்டம்: படுத்திருக்கிறது, நடக்கிறது, தின்கிறது, சொறிகிறது, மற்றதைப் பார்க்கிறது. ஐந்து நிமிடம், அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஆசிரியர் மெதுவாகக் கை தூக்க, அந்த நொடியில் என்ன செய்கிறதோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. பத்துக் கோடு சேரும்போது பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை, கண் மட்டும்தான் வேலை செய்யும். இரண்டு குழுவின் தாள் ஒத்துப்போகாதபோது யார் சரி என்று சண்டை வரும். அந்தச் சண்டையை ஆசிரியர் உடனே தீர்த்துவைக்கக் கூடாது.

காணும் பொங்கலுக்குத் திரும்புகிறேன். மெரினாவில் காவல்துறை செய்வதுபோலக் குழந்தைகள் கையில் பெற்றோரின் கைபேசி எண் எழுதிய பட்டை கட்டுவது பை சோதனை மேசையிலேயே நடக்க வேண்டும், தனி வரிசை வைத்தால் யாரும் நிற்க மாட்டார்கள். சமதள நடைபாதையில் ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு எண்பது பேர் வரைதான் தடையின்றி நகர முடியும். பஞ்சு மிட்டாய்க்காரரும் பேட்டரி வண்டி நிறுத்தமும் அந்த அகலத்தைத் தின்றுவிடும், புலி இருப்பிடத்தின் முன்னால் இரண்டுமே கூடாது. 602 ஹெக்டேர் பரப்புள்ள பூங்காவில் தண்ணீரும் கழிப்பறையும் நிழலும் அடிக்கடி வர வேண்டும். மதியம் இரண்டு மணிக்குமேல் நடக்கும் சீண்டல்களுக்குக் காரணம் பெரும்பாலும் கால்வலியும் அழும் குழந்தையும்தான்.

மாலையில் கதவு மூடியதும் துப்புரவுப் பணியாளர்கள் குப்பையை ஒரே வண்டியில் கொட்டிக்கொண்டு போகிறார்கள். அதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு இருப்பிடத்தின் முன்னாலும் கூட்டியதைத் தனித்தனியாகக் குவிக்கச் சொல்லி, கடலைத்தோல், பிஸ்கட் உறை, கல், பாட்டில் என்று நோட்டில் எண்ணிக்கை எழுத வேண்டும். வேலிக்கு உள்ளே கிடந்ததைப் பராமரிப்பாளர் தனிப் பக்கத்தில் எழுதட்டும். எந்தப் பூங்காவிலும் கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்கு இந்தக் கணக்கு ஏற்கெனவே மனப்பாடம், கேட்பவர்தான் இல்லை. மூன்று ஞாயிறு எழுதினால் எந்த இரண்டு இடத்தில் குவியல் பெரிது என்று தெரிந்துவிடும். நாலாவது ஞாயிறு வாசலில் சும்மா நிற்கும் காவலர்களில் இருவரை அங்கே நிறுத்திவிட்டு, மாலையில் அதே நோட்டைத் திறந்து பார்க்கலாம்.